நடுவானில் விக்கும் எஞ்சின்

நம்மவர் வீடுகளில் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் டாக்டர், எஞ்சினீயர், பாங்க் உத்தியோகம் என்ற மூன்றோடு நின்ற காலம் உண்டு. இப்போது அந்தப் பட்டியலில் விமானி வேலையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. சங்க விழாக்களில் என்னைச் சந்திக்கும் பெற்றோர்கள் முதலில் செலவைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு கொஞ்சம் தயங்கி, "பழகுகிற விமானத்துக்கு ஒரே ஒரு எஞ்சின்தானாமே சார், அது நடுவழியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்?" என்பார்கள். இலகு விமானங்களைப் பழுது பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறியாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடக்கே காலம் தள்ளியவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு விடையை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒற்றை எஞ்சினை நம்பிப் பறப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தது ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தில்தான். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். ஒழுங்காகப் பேணப்படும் விமான எஞ்சின் திடீரென்று அடியோடு நின்றுபோவது அபூர்வம். அப்படியே நின்றாலும் விமானம் கல்லைப்போல் விழாது. செஸ்னா 172 போன்ற விமானம் 1000 அடி உயரத்திலிருந்து, காற்றில்லாத நாளில், ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டே போகும். மூக்கைத் தாழ்த்தி, சரியான வேகத்தைப் பிடித்து, ஒரு வயலைத் தேர்ந்து இறங்குவதைத்தான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கற்பிக்கிறார்கள்.

பழுது பார்க்கும் எங்களைத் தூங்கவிடாமல் செய்வது இன்னொரு வகைக் கோளாறு. எஞ்சின் நிற்காது. சற்று நேரம் பலம் குறையும், பிறகு தானே சரியாகிவிடும். தரையில் இறக்கி ஓட்டிப் பார்த்தால் சாதுவாக ஓடும். டாக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் பல்வலி நின்றுபோவது போலத்தான் இதுவும். வலி நின்றுவிட்டதே என்று வீடு திரும்பினால் நள்ளிரவில் மறுபடி வரும். நள்ளிரவுக்குப் பதில் இங்கே 600 அடி உயரம்.

எஞ்சினுக்கு என்ன வேண்டும்?

பயிற்சி விமானத்தின் எஞ்சின் பெரும்பாலும் நான்கு சிலிண்டர் கொண்டது, காற்றால் குளிர்வது. நம் ஸ்கூட்டர் எஞ்சினுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டியவை ஐந்து: எரிபொருள் வர வேண்டும், காற்று வர வேண்டும், வேளை தவறாமல் தீப்பொறி விழ வேண்டும், சிலிண்டரில் அழுத்தம் நிற்க வேண்டும், எரிந்த புகை தடையில்லாமல் வெளியே போக வேண்டும். அடுப்பு வைத்த சமையலறைக்கும் இதே கணக்குதான். புகைபோக்கி அடைத்தாலும் அடுப்பு மங்கும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். ஆனால் எஞ்சின் என்று வந்துவிட்டால் அந்த ஐந்தாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வந்து வந்து போகும் கோளாறுக்கு அடிக்கடி காரணமாகிறவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, கார்புரேட்டரில் பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குறுகிய குழாயில் காற்று விரைந்து பாயும்போது இன்னும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து 20 டிகிரிக்கும் மேல் வெப்பத்தைக் குறைத்துவிடும். ஆகவே வெளியே 15 டிகிரி இருக்கும் ஈரமான நாளில்கூடக் கார்புரேட்டருக்குள் பனி படியலாம். த்ராட்டிலைக் குறைத்து வைத்துப் பறக்கும்போது இதற்கு வாய்ப்பு அதிகம். மருந்து எளியது. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வரும் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் விடும் ஒரு பிடியை விமானி இழுக்க வேண்டும். இழுத்ததும் எஞ்சினின் சுற்று முதலில் குறையும், சில சமயம் உருகிய நீரைக் குடித்து எஞ்சின் குலுங்கும், பிறகு சுற்று ஏறும். இந்தக் கடைசி ஏற்றத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். தொல்லை என்னவென்றால், விமானம் தரையிறங்குவதற்குள் பனி உருகிவிடும். தடயமே இருக்காது.

இரண்டாவது, எரிபொருள். இரவில் அரைகுறையாக நிரம்பிய டாங்கில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் மழைநீரும் இறங்கும். தண்ணீர் கனமானதால் அடியில் தங்கும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் முதல் பறத்தலுக்கு முன்பும், எரிபொருள் நிரப்பிய பின்பும் அடியிலிருந்து சிறிது பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் பார்க்கிறோம். இன்னொன்று, டாங்குக்குள் காற்று போகும் சின்னக் குழாய். எரிபொருள் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். குளவி ஒன்று அந்தக் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிட்டால் போதும். தேங்காயில் ஒரு கண்ணை மட்டும் திறந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், விளங்கும். பறக்கும்போது எஞ்சின் திணறும். இறங்கி நின்றபின் எப்படியோ காற்றுக் கசிந்து உள்ளே போய்விட, எல்லாம் சரியானதுபோல் தோன்றும்.

மூன்றாவது, தீப்பொறி. விமான எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு மாக்னெட்டோ. பாட்டரி செத்தாலும் இவை வேலை செய்யும். புறப்படும் முன் விமானி ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பார். செஸ்னா 172-இன் கையேட்டுப்படி, 1700 சுற்றில் சோதிக்கும்போது ஒரு மாக்னெட்டோவில் மட்டும் ஓடினால் 125 சுற்றுக்கு மேல் குறையக்கூடாது. இரண்டுக்கும் இடையே 50 சுற்றுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. மாக்னெட்டோவின் சுருள் சூடேறினால் மட்டும் அறுந்துபோவதும், ஆறினால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. காலையில் சோதித்தால் தேறிவிடும். அரைமணி பறந்தபின் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும்.

நான்காவது, வால்வு. எக்ஸாஸ்ட் வால்வின் தண்டில் கரி படிந்தால் அது சில நேரம் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிலிண்டர் உழைக்காமல் நிற்க, எஞ்சின் பலமாகக் குலுங்கும். பெரும்பாலும் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் சில நிமிடம் இப்படித் தடுமாறும், பிறகு தெளிந்துவிடும். தெளிந்துவிட்டதே என்று விட்டுவிட்டால் ஒருநாள் வால்வைத் தள்ளும் கம்பி வளைந்துபோகும்.

ஐந்தாவது, காற்று போகும் வழியும் புகை போகும் வழியும். வடிகட்டியில் தூசி, உள்பக்கம் சுருங்கிய ரப்பர்க் குழாய், சைலன்ஸருக்குள் உடைந்த தகடு என்று பல.

விசாரிக்கும் முறை

இத்தனை சந்தேகங்கள் இருக்கும்போது ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பறந்தவரை உட்காரவைத்து, ஒரு டீயும் கொடுத்து, நிதானமாகக் கேட்க வேண்டும். புறப்பட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று? த்ராட்டில் முழுவதும் திறந்திருந்ததா, பாதியா? ஏறிக்கொண்டிருந்தீர்களா, இறங்கினீர்களா, திரும்பினீர்களா? டாங்கில் எவ்வளவு இருந்தது? வெளியே ஈரமா, வெயிலா? சூட்டுப் பிடியை இழுத்தீர்களா, இழுத்தபின் என்ன ஆயிற்று? பலம் எப்படித் திரும்பியது?

இவற்றிலெல்லாம் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பலம் குறைந்தபோது எஞ்சின் குலுங்கியதா, குலுங்காமல் தணிந்ததா? ஒரு சிலிண்டர் மட்டும் உழைக்கவில்லை என்றால் குலுங்கும். மூன்று கால் நாற்காலி ஆடுவது போல. பிளக், வால்வு எல்லாம் இந்த வகை. நான்கு சிலிண்டரும் ஒன்றாகச் சோர்ந்தால் குலுக்கல் இல்லாமல் சத்தம் மட்டும் இறங்கும். அப்போது நால்வருக்கும் பொதுவான வழியில் தேட வேண்டும். அதாவது கார்புரேட்டர், காற்று வழி, புகை வழி.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒரு வரிசையாக எழுதி, கட்டம் போட்டு நிரப்பினால், இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்குள் எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது எது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டும். பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரையும் மாற்றி, வடிகட்டியையும் மாற்றிவிட்டால், கோளாறு போனாலும் எதனால் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. போகாமல் ஒளிந்திருக்கிறதா என்றும் சொல்ல முடியாது.

ஒரு ஜனவரி மாதம்

1996 ஜனவரி. வட இந்தியாவில் ஒரு பயிற்சிக் கழகத்தில், விடுப்பில் போன பொறியாளருக்குப் பதிலாகச் சில வாரங்கள் பணியாற்றப் போயிருந்தேன். மூடுபனிக் காலம். காலை பத்து மணிக்கு முன் வானம் தெளியாது. அங்கே நான்கு பேர் அமரக்கூடிய 160 குதிரைத்திறன் செஸ்னா 172 ஒன்று இருந்தது. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அது இரண்டு முறை ஏற்றத்தில் பலம் குன்றித் திரும்பியிருந்தது. இரண்டு முறையும் தரையில் ஓட்டிப் பார்த்து, கார்புரேட்டர் பனியாக இருக்கலாம், தரைச் சோதனை திருப்தி என்று எழுதிப் பறக்க அனுப்பியிருந்தார்கள். அந்தப் பருவத்தில் அது நியாயமான சந்தேகமே.

நான் சேர்ந்த மூன்றாம் நாள் மறுபடியும் வந்தது. இம்முறை உள்ளே இருந்தது ஒரு மாணவி, தன்னந்தனியாக. நம் பக்கத்துப் பெண்தான். தந்தை ரயில்வேயில் வேலை. பிராவிடண்ட் பண்டில் கடன் வாங்கிச் சேர்த்திருந்தார். சுமார் 600 அடியில் சுற்று 200-க்கும் மேல் இறங்கியிருக்கிறது. அந்தப் பெண் பதறாமல் மூக்கைத் தாழ்த்தி, த்ராட்டிலைச் சற்றுக் குறைத்து, பலம் திரும்பியதும் சுற்றி வந்து இறங்கிவிட்டாள்.

உட்காரவைத்துக் கேட்டேன். "குலுங்கிச்சாம்மா?"

"இல்லை மாமா. சத்தம் மட்டும் இறங்கிப் போச்சு. ஹீட் பிடியை இழுத்தேன், இன்னும்தான் குறைஞ்சது. ஏறவே இல்லை. த்ராட்டிலைக் குறைச்சப்புறம்தான் சரியாச்சு."

முந்தைய இரண்டு முறை பறந்த பயிற்சியாளர்களையும் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டேன். நோட்டில் கட்டம் நிரம்பியது. மூன்று முறையும் த்ராட்டில் முழுவதும் திறந்திருந்தது. மூன்று முறையும் குலுக்கல் இல்லை. சூட்டுப் பிடியை இழுத்தபின் மூவருக்குமே சுற்று ஏறவில்லை. த்ராட்டிலைக் குறைத்தவுடன் நலமாயிற்று. பனியாக இருந்தால் பிடியை இழுத்துச் சற்றுப் பொறுத்தபின் சுற்று ஏறியிருக்க வேண்டும். அதோடு முழு த்ராட்டிலில் பனி பிடிப்பது குறைவு. பனிக்கு எதிராக இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டன.

விமானத்தை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அங்கேதான் தகராறு. வணிக விமானி உரிமத்துக்குக் குறிப்பிட்ட மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மூடுபனியால் ஏற்கெனவே பல நாட்கள் வீண். மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கழகத்துப் பொறுப்பாளர் வந்து, தரையில் நன்றாகத்தானே ஓடுகிறது, இந்த மதராஸி பாபு ஏன் முரண்டு பிடிக்கிறார் என்று இந்தியில் சலித்துக்கொண்டார். "கோளாறு தெரியவில்லை என்று நீங்கள் எழுதச் சொன்னால் எழுதுகிறேன், அதுதான் உண்மை. கோளாறு இல்லை என்று எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என் கையெழுத்தில்லாமல் அது பறக்க முடியாது.

முழு த்ராட்டிலில் மட்டும் வருவதென்றால் மூன்று வழிகள்: எரிபொருள் போதவில்லை, காற்று போதவில்லை, புகை போகவில்லை. முதலில் எரிபொருள். கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, மூக்கை ஏற்றத்தில் இருப்பதுபோல் உயர்த்தி வைத்து, அளவுப் பாத்திரத்தில் பிடித்தோம். தானாக இறங்கும் அமைப்பில், முழு பலத்தில் எஞ்சின் குடிப்பதைப்போல் ஒன்றரை மடங்காவது வர வேண்டும் என்பது விதி. இந்த எஞ்சின் மணிக்கு 50 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர். தாராளமாகவே வந்தது. காற்றுக் குழாயும் சுத்தம். அடுத்து விமானத்தைக் கட்டி நிறுத்தி, எண்ணெய் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, வெப்பமானியில் கண் வைத்தபடி, முழு த்ராட்டில் கொடுத்தோம். முதல் இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாம் முறை சத்தம் மெல்ல இறங்கியது. அந்த நேரத்திலேயே மாக்னெட்டோக்களை மாற்றிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி. ஆகவே தீப்பொறி குற்றவாளி அல்ல. மிஞ்சியது புகை வழி.

எஞ்சின் ஆறியபின் வெளிக்குழாயைக் கழற்றி, டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துச் சைலன்ஸருக்குள் பார்த்தோம். உள்ளே புகையைச் சிதறவைக்கும் கூம்புத் தகடு ஒன்று பல ஆண்டுச் சூட்டில் அரித்து உடைந்து, தளர்ந்து கிடந்தது. பாதி பலத்தில் அது ஓரமாகப் படுத்திருக்கும். முழு பலத்தில் புகை வேகமாக வரும்போது எழுந்து வாசலை மறைத்துக்கொள்ளும். த்ராட்டிலைக் குறைத்தால் மறுபடி படுத்துவிடும். பாட்டி சொன்ன புகைபோக்கிதான்.

கதை இதோடு முடியவில்லை. பேச்சுவாக்கில் அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். "ஹீட்டர் போட்டுப் பறந்தா இறங்கினப்புறம் தலைவலி மாமா. ராத்திரி படிக்கிறதாலன்னு அம்மா சொல்றாங்க." இந்த விமானத்தில் பயணிகளுக்குச் சூடு தருவதும் அதே சைலன்ஸர்தான். அதைச் சுற்றி ஒரு தகட்டு உறை இருக்கும். இடையில் போகும் காற்று சூடாகி உள்ளே வரும். உறையைக் கழற்றி, சைலன்ஸரின் வாய்களை அடைத்து, உள்ளே சிறிதளவு காற்றழுத்தம் கொடுத்து, மேலே சோப்புநீர் தடவினோம். ஓரிடத்தில் நுரை கொப்பளித்தது. முடியளவு விரிசல். அதன் வழியே கார்பன் மோனாக்சைடு விமானிகள் உட்காரும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு மந்தம், பிறகு மயக்கம். முழு த்ராட்டில் சிக்கல் வராமலே இருந்திருந்தால் இதை யார் பார்த்திருப்பார்கள் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். புதிய சைலன்ஸர் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. பொருத்தியபின் அந்தக் கோளாறு மறுபடி வரவில்லை. பொறுப்பாளரும் பிறகு என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை.

பெற்றோர்கள் கவனத்துக்கு

இன்று பல பயிற்சி விமானங்களில் ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பத்தையும் நொடிக்கு நொடி பதிவு செய்யும் கருவிகள் உள்ளன. டீசல் வகை எஞ்சின் பொருத்தியவையும் பறக்கின்றன. அவற்றில் மாக்னெட்டோவும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. கருவி மாறினாலும் விசாரிக்கும் முறை மாறவில்லை.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பயிற்சிக் கழகத்தை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், மாணவர் குறை சொன்னால் அதைப் புத்தகத்தில் எழுதவிடுகிறார்களா என்றும் கேளுங்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, ஒவ்வொரு முறையும் "தரைச் சோதனை திருப்தி" என்று முடிந்திருந்தால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விமானத்துக்குள் கார்பன் மோனாக்சைடைக் காட்டும் அட்டையோ கருவியோ இருக்கிறதா என்று பாருங்கள். விலை அதிகமில்லை.

பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. குறை எழுதினால் பறக்கும் நேரம் போய்விடும், சார் கோபிப்பார் என்று மறைக்காதீர்கள். "சற்றுப் பலம் குறைந்தது" என்று மட்டும் எழுதாமல், எப்போது, எவ்வளவு, குலுங்கியதா, என்ன செய்தபோது சரியாயிற்று என்று நான்கு வரி எழுதுங்கள். தலைவலி வந்தால் அதையும் எழுதுங்கள். கீழே நிற்கும் எங்களுக்கு மேலே நடந்ததைப் பார்க்க வேறு கண் கிடையாது.

அந்த ரயில்வே நண்பரின் மகள் வேண்டிய மணி நேரத்தை முடித்து உரிமமும் பெற்று, பிறகு பல ஆண்டுகள் பெரிய விமானங்களை ஓட்டினாள். நம் சங்கத்துப் பிள்ளைகளும் அவ்வாறே பறந்து நலமாக இறங்க வேண்டும் என்பதே என் ஆசை. இது பற்றி மேலும் சந்தேகம் உள்ளவர்கள், அடுத்த மாதக் கூட்டத்தில் என்னைப் பார்த்தால் தயங்காமல் கேளுங்கள்.